விற்பதற்குச் சுலபமான வீடு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும், எழுதிவிட்டேன், அப்பாவின் வலது முட்டி மட்டும் இந்த நலத்தில் சேராது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்கு இருமல் விட்டதா, ஈரத் தலையோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே என்று சொன்னால் நீ கேட்கப்போவதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எப்போதும் ஃபோனில் பேசுகிற அம்மா எதற்குத் திடீரென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஃபோன் எப்போதும் அப்பா கையில்தான் இருக்கிறது, அதுவும் ஸ்பீக்கரில், அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச இந்த வீட்டில் வழியில்லை. அவர் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிற நேரத்தில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இதை உனக்கு எழுதக்கூடாது என்று அவர் எனக்குத் தடை போட்டிருக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் போட்ட தடைகளில் எத்தனையை நான் மதித்திருக்கிறேன் என்பது உனக்கே தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் நிறுத்தாமல் படி. மூன்றாவது மாடியில் இனி குடியிருக்க முடியாது என்று நாம் எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அப்பா காய்கறிப் பையோடு ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று யாரிடமாவது பேச்சுக் கொடுப்பார். இரண்டாம் மாடித் தையல்காரம்மாவிடம் இத்தனை வருஷமாகப் பேசாததையெல்லாம் இந்த ஒரு வருஷத்தில் பேசித் தீர்த்துவிட்டார், பேச விஷயமிருந்து அல்ல, மூச்சு வாங்கத்தான். அந்த அம்மா பாவம், உங்க வீட்டுக்காரருக்கு என் மேல என்ன திடீர்னு இவ்வளவு அக்கறைன்னு என்னிடமே கேட்டுவிட்டாள். இந்த வீட்டை விற்றாகிவிட்டது, காலி செய்து கொடுக்கவேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. புது வீடு பார்க்க நீயே அங்கிருந்து விசாரித்து ஒரு தரகரை ஏற்பாடு செய்து அனுப்பினாய். நமக்குத் தெரிந்த தரகர் என்றால் விற்கிறவனிடமும் வாங்குகிறவனிடமும் கை நீட்டுகிறவர், அதனால் அப்பா முதல் நாள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தார். அந்தத் தம்பி உட்கார்ந்ததுமே, நான் உங்க ஆளு சார், விக்கிறவங்க ஆளு இல்ல, வாங்குறவங்களுக்காக மட்டும்தான் வேலை செய்வேன், நீங்க என்கிட்ட சொல்றது எதுவும் அந்தப் பக்கம் போகாது என்றார். அப்பாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து அவருக்கு நம் வீட்டில் நம்மாள் என்றுதான் பெயர். நம்மாள் ஃபோன் பண்ணானா, நம்மாளுக்கு டீ போடு, நம்மாள் சொன்னா சரியாத்தான் இருக்கும், காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே பேச்சு.

ஆளைக் குறை சொல்ல முடியாது. வீடு பார்க்கப் போனால் நம்மைப் போல ஜன்னலையும் தரையையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறவர் இல்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவார், கழிவறையில் தண்ணீர் இழுத்துவிட்டு அது போகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். மார்க்கெட் பக்கத்தில் ஒரு வீடு, புதுச் சுண்ணாம்பு வாசனையோடு பளபளவென்று இருந்தது, எனக்கு அங்கேயே பால் காய்ச்சிவிடலாம் போலிருந்தது. இவர் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தலாமா என்று கேட்டு நகர்த்தினால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூசணம். மழை பெய்தால் எங்களுக்குச் சொல்லாமலே பார்த்து வைத்த வீடுகளின் தெருவில் போய்க் குடையோடு நின்று தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டு வருவார். எங்களுக்கு அவர் போட்ட ஒரே சட்டம், வீட்டுக்குள்ள நல்லா இருக்குன்னு வாயைத் திறக்காதீங்க, தெருவுக்கு வந்து காருக்குள்ள ஏறினப்புறம் எவ்வளவு வேணாலும் சொல்லுங்க என்பதுதான். உன் அப்பாவால் அது முடிகிற காரியமா. ஒரு வீட்டில் சமையலறைத் தொட்டியைப் பார்த்ததும், அடடா இதுல யானையக் குளிப்பாட்டலாமே என்று வீட்டுக்காரி எதிரிலேயே கத்திவிட்டார். நம்மாள் அவசரத்தில் அவர் காலை மிதித்தார், மிதித்தது சரியாக முட்டி வலிக்கிற காலைத்தான். காரில் வரும்போது மன்னிப்புக் கேட்டு மாளவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே, என் பக்கத்து ஆளே என்னை மிதிச்சா நான் யார்கிட்ட போய்ச் சொல்றது என்றார். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம், அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்த வீட்டையெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருப்போம், புதிதாகக் கல்யாணமானவர்கள் மாதிரி.

அப்பா முதல் நாளே நம்மாளிடம் மூன்று அறை வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒன்று எங்களுக்கு, நீங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டால் ஒன்று உனக்கும் மாப்பிள்ளைக்கும், ஒன்று குட்டிக்கு. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் காட்டிய வீடெல்லாம் இரண்டு அறை வீடு. ஒவ்வொரு முறையும் அப்பா, இன்னொரு ரூம் எங்க தம்பி என்று கேட்பார், அவர் மூணு ரூம்ல சரியான எடம் இன்னும் அமையல சார், இதையும் பார்த்து வைப்போமே என்பார். நான் இதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் எத்தனை வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தவள், ஒருவர் சொல்வதற்கு முன்னால் எங்கே தயங்குகிறார் என்பது என் காதுக்குத் தப்பாது. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தோம், அதுவும் இரண்டு அறைதான். அப்பா முகம் சுளித்ததும் நம்மாள் அவரைச் சமாதானப்படுத்துகிற வேகத்தில், இந்த ஏரியால வாங்கினா பின்னாடி விக்கிறதுக்கும் சிரமமே இருக்காது சார், கேட்டவுடனே போயிடும் என்றார். அப்பா சிரித்துவிட்டார். நாங்க எதுக்குப்பா விக்கப்போறோம், எங்களுக்கு இதுதான் கடைசி வீடு என்றார். அப்போது நம்மாள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ, ஈயாடவில்லை. சட்டென்று திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே திறந்து பார்த்த குழாயை மறுபடியும் போய்த் திறந்தார்.

நாங்கள் உயிரோடு இருக்கிறவரை விற்கப்போவதில்லை. அப்படியென்றால் விற்கப்போகிறவர் யார். எங்கோ தொலைவில் இருந்துகொண்டு, அடிக்கடி வந்து போக முடியாமல், சிரமமில்லாமல் விற்றுவிட வேண்டும் என்று நினைக்கிறவர் யார். அப்பா வாசலில் நின்று கார் நிறுத்த இடம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் நம்மாளைச் சமையலறையிலேயே பிடித்துக்கொண்டேன். என் மக உங்ககிட்ட என்ன சொன்னா தம்பி, ரெண்டு ரூம் போதும்னு சொன்னாளா, திரும்பி வரப்போறதில்லைன்னு சொன்னாளா என்று நேராகவே கேட்டேன். அந்தத் தம்பி உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அதற்கு நான் சாட்சி. அம்மா, ஒருத்தர் என்கிட்ட நம்பிச் சொன்னத நான் இன்னொருத்தர்கிட்ட சொல்றதில்ல, நீங்க இப்ப கேட்டதையும் அவங்ககிட்ட சொல்லமாட்டேன் என்றார். அப்படி எதுவும் சொல்லலையேம்மா என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், நம்பவே ஆசைப்பட்டேன். நேராகக் கேட்டால் அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு நின்றார், எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, மறைக்கமாட்டேன். நீ அங்கேயே இருந்துவிட முடிவு செய்ததற்காக இல்லை. குட்டி அங்கே பிறந்தவள், அவள் சிநேகிதிகள் அங்கே, மாப்பிள்ளைக்கு இங்கே வந்தால் என்ன வேலை கிடைக்கும் என்று எனக்கும் தெரியும். நானும் ஒரு நாள் என் அம்மா வீட்டை விட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள்தானே. ஆனால் பெற்றவர்களிடம் சொல்ல முடியாததை முன்பின் தெரியாத ஒரு தரகரிடம் சொல்ல உனக்கு முடிந்திருக்கிறதே, அதுதான் தாங்கவில்லை. நாங்கள் செத்த பிறகு நீ வீட்டை விற்க அலையக்கூடாது என்று நினைத்தாய், நியாயம்தான், புத்திசாலித்தனம்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் நான் அடுப்பு எங்கே வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது என் கூட வந்தவர் நான் இல்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அப்பா வெளியே நின்று, என்ன இவ்வளவு நேரம், தண்ணிய வீணாக்காத என்று சத்தம் போட்டார். அவரிடம் நான் சொல்லவில்லை. நீயே ஒரு நாள் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

நான் காத்திருக்க, அப்பா ஒரு வீட்டைப் பிடித்துவிட்டார். நம்மாள் காட்டியது அல்ல, உன் அத்தை யார் மூலமாகவோ கேள்விப்பட்டுச் சொன்னது. உன் அத்தை எப்படிப் பேசுவாள் என்று தெரியுமே, பொண்ணு வந்தா கூடத்துலயா படுப்பா, ஊரு சிரிக்காதா என்று ஏற்றிவிட்டாள். மேட்டுத் தெருவின் உச்சியில் ஒரு பல் டாக்டர் வீடு, கீழே இரண்டு அறை, மாடியில் ஒரு பெரிய அறை, ஜன்னலைத் திறந்தால் பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானம். நம் வீட்டில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுகிற மனுஷன் அந்த வீட்டு மாடிப்படியைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார். மேலே போய் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து மூச்சு வாங்க வாங்க, இது அவ ரூம், அந்த மூலைல குட்டிக்கு ஒரு கட்டில் போட்டா காலைல வெயில் முகத்துல படும், தானா எழுந்துப்பா என்றார். நெற்றியெல்லாம் வியர்வை, உதடு வெளுத்திருந்தது, முகம் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்து நான் முன்னாலேயே கீழே இறங்கிவிட்டேன்.

தெருவுக்கு வந்ததும் அப்பா, எங்களைக் காரில் கூட்டி வந்திருந்த நம்மாளிடம், டாக்டர் கேக்கிற விலையையே சொல்லிடு, பேரம் வேண்டாம், கைநழுவிப் போயிடும் என்றார். நம்மாள் காரைக் கிளப்பவில்லை. சார், வேலைய முடிச்சோமான்னு பார்க்கிறவனா இருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன், இந்த மேட்டுல உங்களால தினமும் ஏறி இறங்க முடியாது, மழைக்காலத்துல வண்டிகூட வழுக்கும், கையில இருக்கிறதெல்லாம் இதுல போட்டுட்டா வைத்தியத்துக்கு மிஞ்சாது, ரெண்டு பேருக்கு இந்த வீடு வேண்டாம் சார் என்றார். அப்பாவுக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. யாரு ரெண்டு பேரு, அஞ்சு பேரு இருக்கோம் நாங்க என்று காரே அதிர்கிற மாதிரி கத்தினார். நீ என் ஆளுன்னுதானே சொன்ன, இப்ப யாரோட ஆளா பேசற, சொல்லு என்றார். அந்தத் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா காரிலிருந்து இறங்கி, இனிமே நீ வரவேண்டாம், நானே டாக்டர்கிட்ட பேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். தப்பே செய்யாத ஒருவர் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறார், அப்பாவோ மறுநாளே டாக்டரிடம் வாக்குக் கொடுத்துவிடுவார், கொடுத்த வாக்கை மீறுகிற பழக்கம் அவருக்கு இல்லை. இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மேட்டிலேயே அவர் இதயம் நின்றுவிடும் என்று தோன்றியது. ஓடிப்போய் அவரோடு பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் அப்பா எங்கே உட்காருவார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவனின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டேதான் வருவார், ஒரு பிரேக் தப்பினால் பல்லைக் கடிப்பார். அந்தச் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னேன். அவ திரும்பி வரப்போறதில்ல போலிருக்குங்க, ரெண்டு ரூம் போதும்னு அவதான் சொல்லியிருக்கணும், பின்னால விக்கிறதுக்குச் சுலபமா இருக்கணும்னும் அவதான் சொல்லியிருக்கணும் என்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உன்கிட்ட எப்ப சொன்னா என்றார். என்கிட்ட சொல்லல, தரகர்கிட்ட சொல்லியிருக்கா, அவரும் வாயால சொல்லல, நானா புரிஞ்சுக்கிட்டேன் என்றேன். நம்மகிட்ட ஏன் சொல்லல என்றார். பயமா இருந்திருக்கும் என்றேன். யாருக்குப் பயம், என்கிட்டயா என்றார். நம் நிறுத்தம் வந்தது. இந்த ஊர் ரோட்டில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனுஷன் நம் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை. பஸ் கடைசியாக டிப்போவில் போய் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்து, என்ன அண்ணே, பழைய ஞாபகத்துல வந்துட்டீங்களா என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார், ஆமாப்பா, பழக்கதோஷம் என்றார்.

டிப்போவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், ஆறிப்போனது. நீ எட்டாவது படிக்கும்போது கணக்கில் தோற்றுவிட்டு அவருக்குப் பயந்து தையல்காரம்மா வீட்டில் ஒளிந்துகொண்டது ஞாபகமிருக்கிறதா என்று கேட்டார். ஞாபகமிருக்கிறது என்றேன். அன்னிக்கு நான் அவள அடிச்சேனா என்று கேட்டார். இல்லை, கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தீர்கள் என்றேன். அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல என்றார் மறுபடியும். உன் அப்பா அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா போனபோது மட்டும்தான். இப்போது இரண்டாவது தடவை பார்த்தேன். சத்தமே இல்லை, மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார். போகிற வருகிற டிரைவர்களெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே போனார்கள், அவரும் ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கினார்.

மறுநாள் காலையில் அவரே நம்மாளுக்கு ஃபோன் செய்தார். மன்னிச்சுக்கப்பா, வயசானவன் கத்திட்டேன் என்றார். அதற்கப்புறம் சொன்னதைக் கேட்டு நான் கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன். ரெண்டு ரூம் வீடே பாரு தம்பி, படி இருக்கக்கூடாது, சட்டுனு விக்கிற மாதிரி இருக்கணும், எங்களுக்கப்புறம் எங்க பொண்ணு அங்கேருந்து வந்து ஆபீஸ் ஆபீஸா அலையக்கூடாது என்றார். இருக்கியா தம்பி என்று அப்பா இரண்டு முறை கேட்ட பிறகுதான் ஸ்பீக்கரில் நம்மாளின் குரல் வந்தது, சரிங்க சார் என்று.

அதற்குப் பிறகு நாங்கள் வீடு பார்த்த விதமே வேறு. முன்பு நான் அடுப்பைப் பார்ப்பேன், அவர் ஜன்னலைப் பார்ப்பார். இப்போது அவர் எதையும் பார்ப்பதில்லை, கேள்வி மட்டும் கேட்கிறார். இந்தத் தெருவுல வீடு வந்தா எவ்வளவு நாள்ல போகும், பத்திரத்துல பழைய வில்லங்கம் ஏதாவது இருக்கா, வெளிநாட்டுல இருக்கிறவங்க நேர்ல வராமலே வித்துக் கொடுக்க முடியுமா, சாவிய யார்கிட்ட கொடுத்து வைக்கலாம், நீ இந்தத் தொழில்லயே இருப்பியா தம்பி, இல்ல வேற எங்கயாவது போயிடுவியா என்றெல்லாம் கேட்கிறார். தான் இல்லாத வீட்டைப் பற்றி, பஸ் சரியான நேரத்துக்கு வருமா என்று விசாரிக்கிற மாதிரி அமைதியாகக் கேட்கிறார். ஒரு தடவை நம்மாள் தாங்கமுடியாமல் மீட்டரைப் பார்த்துட்டு வரேன் சார் என்று வெளியே போய்விட்டார். கடைசியில் தபாலாபீஸுக்குப் பின் தெருவில் ஒரு வீடு முடிவாகியிருக்கிறது. தரையோடு தரையாக, இரண்டு அறை, ஒரு சின்னக் கூடம், எல்லாச் சுவரும் நேராக, எல்லாக் கதவும் சரியாக மூடுகிற வீடு. குறை சொல்ல ஒன்றுமில்லை, பிடித்திருக்கிறது என்று சொல்லவும் ஒன்றுமில்லை, யார் வந்து பார்த்தாலும் வாங்குவார்கள். பத்திரத்தில் எங்கள் பெயரோடு உன் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறார், பின்னால் உனக்குச் சிரமம் குறையும் என்று வக்கீல் சொன்னாராம். காரில் ஏறியதும், நல்லா இருக்கா சார், இப்ப சொல்லலாம் என்றார் நம்மாள், பழைய சட்டத்தை ஞாபகப்படுத்திச் சிரிக்க வைக்கத்தான். அப்பா, அவளுக்குச் சுலபமா இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னிடம் பேசியதை நீ கேட்டாய். மூணு ரூம் வீடெல்லாம் பார்த்தோம்மா, என் முட்டி ஒத்துக்கல, அதான் சின்னதா முடிச்சுட்டோம், நீங்க வந்தா கொஞ்சம் நெருக்கமாத்தான் இருக்கும், கோவிச்சுக்காத என்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசினார். அது பொய். பழியைத் தன் முட்டி மேல் போட்டுக்கொண்டார், நீ குற்ற உணர்ச்சியோடு ஒரு நாள்கூடத் தூங்கக்கூடாதாம். அதற்கு நீ, பரவாயில்லப்பா, உங்க ரெண்டு பேருக்கு வசதியா இருந்தா போதும் என்றாய். சொல்வதற்கு முன்னால் நீ ஒரு மூச்சு விட்டாய். பெரிய பாரத்தைக் கீழே இறக்கி வைத்தவர்கள் விடுகிற மூச்சு அது. ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும். ஃபோனை வைத்துவிட்டு, பார்த்தியா, அவளுக்கு எவ்வளவு நிம்மதி, நீ எதையாவது எழுதி அதைக் கெடுத்துடாத என்றார். அதுதான் எனக்கு அவர் போட்ட தடை.

நான் கெடுக்கிறேன். அவர் முட்டியால்தான் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நீ நிம்மதியாக இருக்க, அவர் தினமும் பெட்டி கட்டும்போது உன் பழைய சாமான்களைக் கையில் வைத்துக்கொண்டு எதில் போடுவது என்று தெரியாமல் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. வீடு வாங்க நடுவில் ஒரு ஆள் வேண்டும், விலை பேசத் தெரிந்தவர் வேண்டும். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் எதற்கு ஆள். பத்திரம் பதிவாவதற்கு முன்னால் நீ அவரைக் கூப்பிடு. உன் வாயால் சொல், அப்பா நாங்க இங்கயே இருந்துடப்போறோம் என்று சொல். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. அவரும் முதல் தடவை கேட்கிற மாதிரிதான் கேட்பார், அப்படியா என்பார், அதற்கு மேல் குரல் வராது, அதனால் ஃபோனை வைத்துவிடாதே, கொஞ்சம் பொறுத்துக்கொள். நேற்று முன்தினம் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, அவளா ஒரு நாள் சொன்னா நான் என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சுட்டேன் என்றார். என்ன சொல்லப்போறீங்க என்று கேட்டேன். அதை உன்னிடம்தான் சொல்வாராம், என்னிடம் சொல்லமாட்டாராம். எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லாமல் அந்த வார்த்தையை அவர் அந்த வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போகக்கூடாது, மகளே, எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உன் அடையாள அட்டை நகலில் கையெழுத்துப் போட்டு மறக்காமல் நம்மாளுக்கு அனுப்பிவிடு, அவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். குட்டிக்கு இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டு, கடையில் மருந்து வாங்கிக் கொடுத்துச் சமாளிக்காதே. இத்தனை வருஷமும் உன்னிடம் ஃபோனில் பேசியபோதெல்லாம் சீக்கிரம் வந்து சேருங்கள் என்று சொல்லித்தான் முடித்திருக்கிறேன், கை இப்போதும் அதைத்தான் எழுதப் போனது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் ஆதரவாக, அங்கேயே நன்றாக இருங்கள் என்று வாழ்த்துகிறேன்.

உன் அம்மா